கேட்டில் நின்ற பையனின் மார்க் ஷீட்

போன டிசம்பரில் ஒரு சாயங்காலம், யாரையாவது கட்டாயப்படுத்தி வேலை வாங்குகிறீர்களா என்று சப்ளையர்களிடம் கேட்கிற கேள்வித்தாளைக் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தேன். மொத்தம் 62 கேள்விகள். பதினேழாவது: தொழிலாளர்களின் அசல் சான்றிதழ்களை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்கிறீர்களா, ஆம் அல்லது இல்லை. அந்த நேரம் பார்த்து, நைட் ஷிஃப்டுக்கு வந்திருந்த செக்யூரிட்டிப் பையன் தயங்கித் தயங்கி உள்ளே வந்தான். அசாம்காரன், இருபது இருபத்தொரு வயது இருக்கும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டின் போட்டோ மொபைலில் இருக்கிறது, ஒரு பிரின்ட் எடுத்துத் தர முடியுமா மேடம் என்று இந்தியில் கேட்டான். ஒரிஜினல் எங்கே என்றேன். ஏஜென்சி ஆபீஸில் இருக்கிறதாம். சேரும்போதே வாங்கிக்கொண்டார்களாம்.

நான் வேலை பார்ப்பது பெங்களூரு ஓசூர் ரோட்டில், பொம்மனஹள்ளி தாண்டி ஒரு பையிங் ஹவுஸில். இங்கே துணி தைக்க வைத்து வெளிநாட்டுக் கடைகளுக்கு அனுப்புகிற இடம். என் வேலைக்குக் கம்ப்ளையன்ஸ் என்று பெயர், சரக்கு தருகிறவர்கள் தொழிலாளர் விதிகளை மதிக்கிறார்களா என்று பார்ப்பது. (அம்மா ஊரில் அதை ஏதோ போலீஸ் வேலை மாதிரி சொல்லி வைத்திருக்கிறாள்.) 600 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற நூல் மில்லையெல்லாம் நோண்டி நோண்டிக் கேட்கிற நான், தினமும் எனக்கு சல்யூட் அடிக்கிற பையனிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. அன்று ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை.

இந்தக் கேள்வித்தாள் எங்கிருந்து வருகிறது என்றால், பிரிட்டனின் 2015 நவீன அடிமைமுறைச் சட்டத்திலிருந்து. அங்கே தொழில் நடத்தும் கம்பெனிக்கு வருடத்துக்கு 3 கோடியே 60 லட்சம் பவுண்டோ அதற்கு மேலோ விற்றுவரவு இருந்தால், தன் வேலையிடத்திலும் தனக்குச் சரக்கு தருகிறவர்களிடத்திலும் அடிமை வேலை இல்லாமலிருக்க என்ன செய்தது என்று வருடாவருடம் அறிக்கை எழுதி, டைரக்டர் கையெழுத்தோடு வெப்சைட்டில் போட வேண்டும். ஆஸ்திரேலியாவும் 2018இல் இதே போல ஒன்று கொண்டுவந்தது, அங்கே வரம்பு 10 கோடி ஆஸ்திரேலிய டாலர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரிட்டன் சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு, 'நாங்கள் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை' என்று எழுதிப் போட்டாலும் கடமை முடிந்தது. அந்த அறிக்கையில் நிரப்ப அவர்களுக்கு ஏதாவது வேண்டும், அதனால் கேள்வித்தாள் எனக்கு வரும், நான் ஃபேக்டரிக்கு அனுப்புவேன், ஃபேக்டரி மில்லுக்கு அனுப்பும், எல்லாரும் 'இல்லை' என்று டிக் அடித்துத் திருப்பி அனுப்புவார்கள். நான் இந்த வேலைக்கு வந்து 11 வருடம் ஆகிறது. 'ஆம்' என்று டிக் அடித்த ஒரு மனுஷனைப் பார்த்ததில்லை.

எனக்கு இது காகிதத்தில் மட்டும் தெரிந்த விஷயமும் இல்லை. சொந்த ஊர் வேடசந்தூர்ப் பக்கம், மில்லுக்குப் பொண்ணு போகாத தெரு கிடையாது. சித்தி மகள் ஒருத்தி அந்தக் காலத்துச் சுமங்கலி திட்டத்தில் போனாள். தரகர் வீட்டுக்கே வந்தார். மூன்று வருடம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் முடிவில் மொத்தமாக 40,000 ரூபாய், கல்யாணத்துக்கு ஆகும், பொண்ணும் பத்திரமாக இருக்கும் என்றார். வாரத்துக்கு ஒரு போன், அதுவும் வார்டன் பக்கத்தில் நிற்க. இரண்டரை வருடத்தில் பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளாமல் இளைப்பு வந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். மூன்று வருடம் முடிக்கவில்லையே, அதனால் 40,000 கிடையாது. அவளை யாரும் அடித்ததில்லை, கட்டிப்போட்டதில்லை. கடைசியில் தருகிறேன் என்று சொன்ன பணத்துக்காகத்தான் காய்ச்சலோடு நைட் ஷிஃப்ட் பார்த்தாள். அடிமை என்ற சொல்லை எங்கள் வீட்டில் ஒருவரும் அப்போது வாயில் எடுக்கவில்லை.

கட்டாய உழைப்புக்குச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 11 அறிகுறிகளைச் சொல்கிறது. சம்பளத்தைப் பிடித்து வைப்பது, அடையாளச் சான்றுகளை வாங்கி வைப்பது, கடனில் கட்டிப்போடுவது, வெளியே விடாமலிருப்பது, சொன்னது ஒன்று செய்வது ஒன்றாக ஏமாற்றுவது என்று போகும். நம் நாட்டிலும் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போய், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடை செய்கிற கட்டாய உழைப்புதான் என்றது. லண்டனில் சட்டம் போடுவதற்கு 33 வருடம் முன்பு!

சரி, ஆடிட்டுக்கு வருகிறேன். ஃபேக்டரிக்கே நேரில் போய்ச் சோதித்தால் தெரிந்துவிடாதா என்பார்கள். கராச்சியில் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்கு 2012 ஆகஸ்டில் நல்ல நிர்வாகம் என்று சர்வதேசச் சான்றிதழ் கிடைத்தது, அடுத்த மாதம் 11ஆம் தேதி அது தீப்பிடித்து 250 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். தேதி சொல்லிவிட்டுப் போகிற ஆடிட் கல்யாண வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரிதான். வருகைப் பதிவேடு இரண்டு இருக்கும், நமக்குக் காட்டுவது சுத்தமானது. அதனால் நான் முதலில் வருகைப் பதிவேட்டைக் கேட்பதில்லை. உடைந்த ஊசி ரெஜிஸ்டரைக் கேட்பேன். தையல் மெஷினில் ஊசி உடைந்தால் துண்டுகள் துணியில் தங்கிவிடக் கூடாது என்று எல்லாத் துண்டையும் பொறுக்கி ஒட்டி, தேதி போட்டு எழுதி வைப்பார்கள். எல்லாருக்கும் லீவு என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமையில் ஐந்து ஊசி உடைந்திருந்தால் என்ன அர்த்தம்? அப்புறம் கேன்டீனில் எத்தனை சாப்பாடு, கேட்டில் எத்தனை வண்டி, ஒரு லைனில் ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் வரும், இந்த ஆர்டரை வாரம் 48 மணி நேரத்தில் முடிக்க முடியுமா என்று கூட்டிக் கழித்தால் ஓவர்டைம் தானாக வெளியே வந்துவிடும்.

கணக்கில் ஓவர்டைம் வரும், வேலைக்கு வருவதற்காகப் பட்ட கடன் வராது. அதற்கு ஆளிடம்தான் பேச வேண்டும். பெங்களூரு ஃபேக்டரிகளில் இப்போது ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்கள் நிறைய. முன்பெல்லாம் ஹெச்.ஆர். ரூமில் உட்கார வைத்து, சூப்பர்வைசரையே மொழிபெயர்க்கச் சொல்லி, 'பிரச்சினை இல்லை' என்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. இப்போது ஒடியா தெரிந்த ஒரு அக்காவைக் கூட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலுக்கு வெளியே காய்கறிச் சந்தையில் பேசுகிறோம். பெயர் எழுதுவதில்லை. இங்கே வர டிக்கெட் காசு யார் போட்டது, அதைச் சம்பளத்தில் பிடிக்கிறார்களா, நாளைக்கே ஊருக்குப் போகிறேன் என்றால் எது உன் கைக்கு வராமல் போகும். மூன்றாவது கேள்விக்கு வருகிற மௌனத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் பெரிய கம்பெனிகள் சொதப்புகின்றன. உடனே ஆர்டரை ரத்து செய்துவிட்டு, நாங்கள் சகித்துக்கொள்ள மாட்டோம் என்று அறிக்கை விடுவார்கள். அந்தப் பெண்ணின் கடன் அப்படியே இருக்கும், வேலை மட்டும் போய்விடும். ஆள் சேர்க்கிற செலவை முதலாளிதான் ஏற்க வேண்டும், தொழிலாளியிடம் வாங்கியிருந்தால் திருப்பித் தர வேண்டும் என்பதை இப்போது பல பிராண்டுகள் தங்கள் விதியாகவே எழுதி வைத்திருக்கின்றன. அந்தச் செலவை ஒரு சட்டையின் விலையில் சேர்த்துத் தருகிறீர்களா என்று நான் கேட்டால் மட்டும் மீட்டிங்கில் நெட்வொர்க் கட்டாகிவிடும். விலையில் பத்து சென்ட் குறை, பதினைந்து நாள் முன்னால் கொடு என்று கழுத்தைப் பிடிப்பதும் அவர்கள்தான், கேள்வித்தாள் அனுப்புவதும் அவர்கள்தான்.

எனக்கு ஓரளவு நம்பிக்கை தருவது எங்கள் மாவட்டத்தின் பெயரிலேயே இருக்கிற திண்டுக்கல் ஒப்பந்தம். ஒரு இளம்பெண் தொழிலாளி கொல்லப்பட்ட பிறகு, 2022இல், பெண்கள் தலைமையிலான தமிழ்நாட்டுத் தொழிற்சங்கம் ஒன்று தொழிற்சாலையோடும், ஹெச் அண்ட் எம், கேப், பிவிஹெச் போன்ற பிராண்டுகளோடும் அதில் கையெழுத்துப் போட்டது. பாலியல் தொல்லையையும் சாதிக் கொடுமையையும் தடுப்பது அதன் நோக்கம். மற்ற வாக்குறுதிகளிலிருந்து அது வேறுபடுவது இதில்தான்: சட்டப்படி கட்டுப்படுத்தும், லைனில் வேலை பார்க்கிற பெண்களே கண்காணிப்பாளர்கள், ஃபேக்டரி மீறினால் ஆர்டரில் கை வைக்கலாம். வருடத்துக்கு ஒருநாள் வந்து போகிற என்னைவிட, பக்கத்து மெஷினில் இருக்கிறவளுக்கு எல்லாமே முதலில் தெரியும்.

செக்யூரிட்டிப் பையன் விஷயம். மறுநாள் அட்மின் ஆளிடம் போனேன். ஏஜென்சி நம்முடைய ஆள் இல்லையே என்றார். கான்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால், வேலையைக் கான்ட்ராக்ட் விட்ட முதன்மை முதலாளி தர வேண்டும் என்பது 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே வந்துவிட்டது என்றேன், கொஞ்சம் இறங்கி வந்தார். விசாரித்ததில் யூனிஃபார்முக்கும் ஆள் பிடித்த கமிஷனுக்கும் சேர்த்து முதல் இரண்டு மாதச் சம்பளத்தில் பாதி பிடித்திருந்தார்கள். எங்கள் கேட்டில் மட்டும் ஏழு பேர். இரண்டு வாரம் இழுத்தடித்தார்கள். பிறகு, ஒவ்வொருவருக்கும் பேங்கில் முழுச் சம்பளம் போன ரசீது காட்டினால்தான் அந்த மாத பில் பாஸ் ஆகும் என்று ஏஜென்சி ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தோம், ஏழு மார்க் ஷீட்டும் பிளாஸ்டிக் கவரில் வந்து சேர்ந்தன.

ஏப்ரலில் பிஹுவுக்கு ஊருக்குப் போன பையன் திரும்பி வரவில்லை. ஏஜென்சிக்காரர், நம்ம ஓசூர்த் தமிழர்தான், போன் போட்டு, "பாத்தீங்களா மேடம், இதுக்குத்தான் சர்டிபிகேட்டை வாங்கி வைக்கிறது" என்றார். அவனுக்கு 11 நாள் சம்பளம் பாக்கி இருக்கிறதே, அனுப்பிவிட்டீர்களா என்று கேட்டேன். "அதான் வரலையே மேடம், பாத்துக்கலாம்" என்றார்.

அந்த மாத பில் இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது.