நியேரியின் புளிப்பு: ஒரு காப்பி நாட்குறிப்பு

நவம்பர் 25, 2023

நைரோபிக்கு வடக்கே சுமார் 150 கிலோமீட்டர் போனால், கென்ய மலைக்கும் அபர்டேர் மலைத்தொடருக்கும் நடுவில் நியேரி வரும். கரட்டினா ஊரைத் தாண்டினால் செம்மண் சரிவுகளில் காப்பிச் செடிகள்தான். இவை பெரிய தோட்டங்கள் அல்ல. வாழைக்கும் சோளத்துக்கும் ஊடே சில நூறு செடிகளை வைத்திருக்கும் சிறு விவசாயிகளின் நிலங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீளும் முதன்மை அறுவடை உச்சத்தில் இருப்பதால், கூட்டுறவுச் சங்கத்தின் பழம் உரிக்கும் நிலையத்தில் சாக்குகள் ஓயாமல் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. இங்கே எல்லோரும் அந்த நிலையத்தை ஃபேக்டரி என்றே சொல்கிறார்கள்.

வந்த பழத்தை உடனே தராசில் ஏற்றுவதில்லை. தரையில் விரித்த தார்ப்பாயில் கொட்டி, காயையும் அரைப்பழத்தையும் கறுத்துப்போனதையும் பூச்சி துளைத்ததையும் கொண்டுவந்தவர்களே பொறுக்கி எடுக்க வேண்டும். நான் நெடுநேரம் அந்தத் தார்ப்பாயின் ஓரத்திலேயே நின்றேன். ஒரு மூதாட்டி ஒவ்வொரு பிடியையும் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, காம்பைச் சுற்றி மட்டும் இலேசாகப் பச்சை தெரிந்த பழங்களைக்கூட ஒதுக்கினார். கென்யக் காப்பியின் தெளிந்த சுவைக்குப் பலரும் நொதித்தல் முறையையே காரணமாகச் சொல்கிறார்கள். பாதிப் பெருமை இந்தக் கைகளுக்கு உரியது என்பது என் கருத்து.

தோல் உரிந்த கொட்டைகள் தொட்டியில் நீரின்றி ஓர் இரவு நொதிக்கின்றன. வழுவழுப்பு இளகியதும் கால்வாயில் ஓடவிட்டு அலசுகிறார்கள். அங்கேயே கனமானது அடியிலும் இலேசானது மேலுமாகப் பிரிந்துவிடுகிறது. பிறகு அலசிய கொட்டையைச் சுத்தமான நீரில் ஏறக்குறைய ஒரு நாள் ஊறவைப்பது இந்த நாட்டின் தனி வழக்கம். அதன்பின் உயரமான வலைமேசைகளில் உலர்த்துகிறார்கள். உச்சி வெயிலில் ஓடு வெடித்துவிடாதபடியும் இரவுப் பனியில் நனையாதபடியும் மூடி, ஈரப்பதம் 11 விழுக்காட்டுக்கு அருகில் வரும்வரை கிளறிக்கொண்டே இருக்கிறார்கள்.

பிப்ரவரி 10, 2024

அந்த வட்டாரத்தின் புது அறுவடையில் ஏஏ தரக் கொட்டை, நண்பர் பணியாற்றும் வறுவல் கூடத்துக்கு வந்திருக்கிறது. ஏஏ என்பது அளவைக் குறிப்பதேயன்றிச் சுவைக்கான மதிப்பெண் அல்ல. ஏறத்தாழ 7.2 மில்லிமீட்டர் துளையுள்ள சல்லடையில் தங்கும் பெரிய கொட்டை ஏஏ. அடுத்த அளவு ஏபி. பழத்துக்குள் இணையின்றி ஒற்றையாக உருண்டு விளைவது பிபி. நம் ஊர்க் காப்பிக் கடைகளில் பீபெரி என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான் இந்தப் பிபி. நல்ல ஏபி பல நேரம் சுமாரான ஏஏ-வை வென்றுவிடும் என்பதையும் இங்கே பதிவு செய்துவைக்கிறேன்.

கொட்டை நீலம் கலந்த பச்சை நிறத்தில், நடுக்கோடு இறுக மூடி, கையில் கனமாக இருக்கிறது. பெரும்பகுதி எஸ்எல்28, எஸ்எல்34 ரகங்கள். எஸ்எல் என்பது நைரோபியின் விளிம்பில் கபெட்டேயில் இயங்கிய ஸ்காட் வேளாண் ஆய்வகத்தைக் குறிக்கும். 1931-இல் இன்றைய தான்சானியாவின் வட பகுதியில் வறட்சி தாங்கும் செடிகளைக் கண்டு, அவற்றின் விதைகளைக் கொண்டுவந்தார்கள். அந்த வழியில் 1935-இல் தனிச் செடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதே எஸ்எல்28. சுவையில் இதற்கு ஈடாகச் சொல்லத் தக்க ரகங்கள் மிகச் சிலவே. ஆனால் காப்பிப் பழநோயும் இலைத்துருவும் இதை எளிதில் தாக்குகின்றன. மருந்தடிக்கும் செலவைத் தாங்க முடியாதவர்கள் 1985-இல் வெளியான, நோய் தாங்கும் ருய்ரு 11 ரகத்துக்கு மாறுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும் எஸ்எல்28 நிற்கும் சரிவு ஒவ்வொன்றும் காக்கப்பட வேண்டும் என்றே விரும்புகிறேன்.

பிப்ரவரி 11

இன்று வறுவல். ஒரே கொட்டையை, இறக்கும் நேரத்தை மட்டும் மாற்றி மூன்று விதமாக வறுப்பது என்று முடிவு செய்திருந்தோம். மாதிரி வறுவல் எந்திரத்தின் உருளை 190 பாகைக்குச் சூடேறியதும் 100 கிராம் போட்டோம். உயரத்தில் மெதுவாக முற்றிய கொட்டை அடர்த்தியானது என்பதால் தொடக்கத்தில் தீயைக் குறைக்கவில்லை. ஐந்தாம் நிமிடத்தை ஒட்டிப் பச்சை போய் வைக்கோல் நிறம் வந்தது. புல் மணம் விலகி ரொட்டி சுடும் மணம் எழுந்தது. அதன்பின் கொட்டை பழுப்பேறி, தோல் சுருங்கி, மேற்பரப்பில் வரிவரியாகச் சுருக்கம் விழுந்தது. 197 பாகையில், உள்ளழுத்தத்தால் கொட்டை வெடிக்கும் முதல் வெடிப்பு கேட்டது. ஒன்றிரண்டாகத் தொடங்கிச் சடசடவென்று நெருங்கிய அந்த ஓசையோடு சவ்வுத்தோல் பறந்தது.

முதல் வறுவலை வெடிப்பு தொடங்கி அரை நிமிடத்திலும், இரண்டாவதை ஒன்றரை நிமிடத்திலும், மூன்றாவதை, மேலும் சூடேறினால் வரும் இரண்டாம் வெடிப்பின் மெல்லிய ஓசை கேட்டவுடனும் இறக்கினோம். எடை முறையே 88, 86, 82 கிராம். இரண்டாம் வறுவலின் சுருக்கங்கள் ஏறக்குறைய விரிந்து, நிறம் சீராக வந்திருந்தது. மூன்றாவதில் எண்ணெய் மினுங்கத் தொடங்கிவிட்டது.

பிப்ரவரி 12

சுவை பார்த்தல். கிண்ணத்துக்கு 8.25 கிராம் தூள், 150 மில்லி நீர். நைரோபி கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,800 மீட்டர் மேலே இருப்பதால் நீர் இங்கே 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. கொதித்த கையோடு ஊற்றலாம், ஆறவிட வேண்டியதில்லை. நான்காம் நிமிடத்தில் மேலே கட்டிய ஏட்டைக் கரண்டியால் விலக்கி, மூக்கைக் கிண்ணத்தருகே கொண்டுபோனபோதே மூன்றும் மூன்று வழியில் பிரிந்துவிட்டன.

முதலாவதில் புளிப்பு நாக்கின் ஓரத்தைச் சுரண்டியது. விழுங்கிய பின் பச்சைப் பட்டாணியின் வாடை தங்கியது. மூன்றாவது புகையும் கசப்புமாக இருந்தது. எந்த நாட்டுக் கொட்டை என்று அதைக் குடித்துச் சொல்ல முடியாது. இரண்டாவதில்தான் நியேரி இருந்தது. நன்கு கறுத்துப் பழுத்த களாப்பழத்தைப் போல முதலில் புளிப்பு, அதைத் தொடர்ந்து வாய் ஊறும் இனிப்பு, கடைசியில் பப்பளிமாஸ் தோலின் இலேசான கசப்பு. கிண்ணம் ஆற ஆற இனிப்பு கூடிக்கொண்டே வந்தது.

வறுபட வறுபடச் சிட்ரிக், மாலிக் அமிலங்கள் குறைகின்றன. குளோரோஜெனிக் அமிலங்கள் சிதைந்து கசப்பு தரும் பொருள்களாகின்றன. ஆகவே கருக வறுத்தால் புளிப்பு அழியும். அதற்காக அரைகுறையாக வறுத்துவிட்டு, அந்தக் காட்டமான புளிப்பையே உயர்ந்த சுவை என்று விற்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. வேகாத புளிப்பு வேறு, பழுத்த புளிப்பு வேறு. இனிப்பு உடன் வருகிறதா என்பதே அளவுகோல்.

பிப்ரவரி 18

வறுத்த கொட்டையை ஒரு வாரம் மூடிவைத்ததில், வறுக்கும்போது அதற்குள் உண்டான கரியமில வாயு போதிய அளவு வெளியேறியிருக்கிறது. கூம்பு வடிகட்டியில் 15 கிராம் தூளுக்கு 250 கிராம் நீர். முதலில் 45 கிராம் ஊற்றி நாற்பது நொடி பொறுத்தேன். தூள் உப்பி, நுரைத்து, மெல்ல அடங்கியது. மீதியை இரண்டு தவணையாக ஊற்ற, மூன்று நிமிடத்துக்குள் வடிந்து முடிந்தது.

இன்றைய சோதனை நீரைப் பற்றியது. நைரோபியின் குழாய் நீரில் பெரும்பங்கு அபர்டேர் சரிவிலுள்ள ந்டகாய்னி அணையிலிருந்து வரும் மென்னீர். பக்கத்து அடுக்குமாடியின் ஆழ்குழாய் நீரிலோ பைகார்பனேட் மிகுதி. ஒரே தூளை, ஒரே அளவில் இரண்டிலும் வடித்தேன். குழாய் நீரில் களாப்பழம் அப்படியே எழுந்தது. ஆழ்குழாய் நீரில் புளிப்பு மழுங்கி, சுண்ணாம்பு கலந்தது போல் தட்டையாக இருந்தது. பைகார்பனேட் அமிலத்தைச் சமன்படுத்திவிடுகிறது என்பது படித்து அறிந்ததுதான் என்றாலும், இவ்வளவு முழுமையாக ஒரு காப்பியை அணைத்துவிடும் என்று நினைக்கவில்லை. கொட்டைக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது நீருக்குக் கொடுக்க வேண்டும்.

பிப்ரவரி 24

இதைப் பித்தளை ஃபில்டரில் இறக்கிப் பால் சேர்த்தால் எப்படி இருக்கும் என்று ஊரிலிருந்து தொடர்ந்து கேட்கிறார்கள். இன்று செய்து பார்த்தேன். டிகாஷன் மட்டும் குடித்தபோது அடர்த்தியும் இனிப்பும் நன்றாகவே இருந்தன. பால் சேர்ந்தவுடன் பழச்சுவை மறைந்து, புளிப்பு மட்டும் தயிர்ச் சாயலில் தனித்து நின்றது. நம் ஃபில்டர் காப்பிக்கு வறுவலின் கசப்பும் சிக்கரியின் கனமும் வேண்டும். பாலைத் தாங்குபவை அவைதாம். இந்த வறுவலில் அவை இரண்டும் இல்லை. எனவே ஏஏ-வைப் பாலின்றி, சர்க்கரையின்றியே குடிக்குமாறு எழுதி அனுப்பியிருக்கிறேன். பாலோடுதான் வேண்டும் என்பவர்களுக்காக, இதே நிலையத்தின் ஏபி கொட்டையை வெடிப்புக்குப் பின் இரண்டரை நிமிடம் வரை கொண்டுபோய்ப் பார்க்கலாம் என்று நண்பர் சொல்கிறார். மூட்டை வந்ததும் அதையும் வறுப்போம்.