பொம்மையின் கண் மட்டம்

டிராயிங் சார் தவறிவிட்டார் என்ற செய்தி வந்த அன்று, மஸ்கட்டில் இருக்கும் நாங்கள் நாலு பேரும் பேசியது பள்ளிக் கண்காட்சிக்கு அவர் எங்களைச் செய்ய வைத்த, கழுதுருட்டிப் பதிமூன்று கண் ரயில் பாலத்தின் மாதிரியைப் பற்றித்தான்.

செங்கோட்டையில் கொலுப் பூங்கா வைத்துப் பழகிய கைகள் எங்களுடையவை. மணல், முளைவிட்ட கடுகு, குளத்துக்குக் கண்ணாடி. செட்டியார் பொம்மையை விடக் கோயில் சின்னதாக நிற்கும், யாரும் கேட்க மாட்டார்கள். சார் கேட்பார். "பொம்மைய அளந்தியாலே?" கோயில் கொடைக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் ஆள் 24 மி.மீ. நிஜ ஆள் 168 செ.மீ. என்றால் எழுபதில் ஒரு பங்கு. மற்றதெல்லாம் அந்த ஒரு கணக்கிலிருந்துதான்: ஒரு மீட்டர் அகல மீட்டர் கேஜ் தண்டவாள இடைவெளி 14 மி.மீ., தண்டவாளத்துக்கு அடியில் போடும் 180 செ.மீ. ஸ்லீப்பர் கட்டைக்குத் தீக்குச்சி 26 மி.மீ., ஏழடி வாசல் 30 மி.மீ. வாசல் 40 ஆகிவிட்டால் பக்கத்தில் நிற்கும் கேங்மேன், அதாவது தண்டவாள வேலையாள், சின்னப் பையனாகிவிடுவான்.

தெர்மகோல் மலைக்கு ஸ்பிரே பெயின்ட் அடித்தது கண்காட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம். பெயின்டில் உள்ள கரைப்பான் தெர்மகோலைத் தின்றுவிடும் என்பது எங்களுக்குத் தெரியாது. ஆரியங்காவு மலை கண்ணெதிரே குழிந்து போனது. வகுப்பே பார்த்து நின்றது. சார் ஒரு வார்த்தை திட்டவில்லை. மைதாப் பசையில் பேப்பரை மூன்று அடுக்கு ஒட்டச் சொன்னார். மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்; தண்ணீரில்தான் பவுடரைத் தூவ வேண்டும், பவுடரில் தண்ணீர் ஊற்றினால் கட்டி தட்டும். அப்புறம் பவுடர் வண்ணம். புல் ஒட்ட ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி, ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர். சோப்பு இல்லாவிட்டால் பசை முத்து முத்தாக உருண்டு, டீ வடிகட்டியில் சலித்துத் தூவிய பச்சை மரத்தூளையும் இழுத்துக்கொண்டு போகும்.

படம் எடுப்பதில்தான் அவருடைய வித்தை எல்லாம். மேலிருந்து எடுத்தால் பொம்மை பொம்மைதான். லென்ஸ் பொம்மையின் கண் மட்டத்துக்கு, தரையிலிருந்து 22 மி.மீ.க்கு, இறங்க வேண்டும். கேமரா அவ்வளவு இறங்காது என்பதால் பலகையின் முன் விளிம்பையே ரம்பத்தால் அறுத்துவிட்டார். (இன்று செல்போனைத் தலைகீழாக வைத்தால் போதும்.) லென்ஸ் துவாரத்தைச் சுருக்கி 16-இல் வைக்க வேண்டும், இல்லையென்றால் ஆள் தெளிந்து பாலம் கலங்கும். துவாரம் சின்னது, வெளிச்சம் குறைவு; அதனால் ஒரு படத்துக்கு நாலு செகண்ட் ஆகும், கை படாமல் டைமரில் எடுக்க வேண்டும். வானத் தட்டியை மூன்றடி தள்ளி வைத்தார், மலையின் நிழல் வானத்தில் விழாதிருக்க. வெயிலுக்கு ஒரே ஒரு பல்பு. இரண்டு நிழல் விழுந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். சாரல் வெளிச்சத்துக்கு பல்பின் முன்னால் டிரேசிங் பேப்பர். மூடுபனிக்கு ஊதுபத்திப் புகை, நாலு செகண்டில் அதுவே மலைமேல் படியும்.

1904-இல் ரயில் ஓடத் தொடங்கிய செங்கோட்டை–புனலூர் மீட்டர் கேஜ் பாதையை 2010-இல் நிறுத்தினார்கள். 2018 முதல் கழுதுருட்டியில் அதே பாலத்தின் மேல் அகலப்பாதை ரயில் போகிறது. நாங்கள் செய்த பாலத்தை ஸ்டோர் ரூமில் விட்டுவிட்டு ஆளுக்கொரு விமானம் ஏறினோம். போட்டோ மட்டும் என்னிடம் இருக்கிறது. அதன் இடது ஓரத்தில் மங்கலாக ஒரு விரல், டிரேசிங் பேப்பரைப் பிடித்தபடி. சாரின் படம் என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.