நைட் டூட்டிக்குப் போகும் நர்ஸ் தங்கைகளுக்கு

12 மணி நேர நைட் டூட்டியில் உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். டீயும் பிஸ்கட்டுமாக ஓட்டினால் விடியற்காலை 3 மணிக்குக் கை நடுங்கும். அந்த நேரத்திலும் ஊசி மருந்தின் அளவைச் சரிபார்த்துத்தான் ஏற்ற வேண்டும்.

என் பையில் எப்போதும் இருப்பது வறுத்த வேர்க்கடலை. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராமில், சுமார் 7 கிராம் புரதம் இருக்கிறது. கெடாது, கையில் ஒட்டாது, பாதியில் கூப்பிட்டாலும் மூடி வைத்துவிட்டு ஓடலாம். அவித்த முட்டையும் நல்லதுதான், ஆனால் டூட்டி தொடங்குவதற்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள். மருந்து ஃபிரிட்ஜில் சாப்பாடு வைக்கவே கூடாது. சுண்டல் கொண்டுபோனால் தேங்காய் போடாமல் தாளியுங்கள், அதையும் முதல் இடைவேளையிலேயே முடித்துவிடுங்கள். வெயில் காலத்தில் நள்ளிரவுக்குள் ஊசிப்போகும்.

வாழைப்பழத்தை மறக்காதீர்கள். தோலைப் பிடித்துக்கொண்டே சாப்பிடலாம். அதற்காகக் கை கழுவாமல் தொடாதீர்கள், வார்டுக்குள்ளும் வேண்டாம், ஓய்வறைக்கு வந்து சாப்பிடுங்கள். இனிப்பு தேடினால் கடலை மிட்டாய் ஒன்று போதும்.

பாத்ரூம் போக நேரமில்லை என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். சிறுநீர்த் தொற்று வந்து அவதிப்படும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து மனசு வலிக்கிறது.

இன்சார்ஜ் சிஸ்டர்களே, பிள்ளைகள் சாப்பிட்டு வர ஆளுக்குப் பத்து நிமிடம் நீங்களே மாற்றிவிடுங்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் வாய் திறந்து கேட்க மாட்டார்கள்.