அங்குலக் கணக்கில் ஒரு பாலைவனப் பயணம்

பத்து ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த விபத்தில் என் தண்டுவடம் மார்பு மட்டத்தில் அடிபட்டது. அதுமுதல் மின்சாரச் சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். 2023 அக்டோபரில் நானும் கணவரும் பதினைந்து வயது மகளும் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் ஸயான், பிரைஸ் கேன்யன், அரிசோனாவின் கிராண்ட் கேன்யன் ஆகிய மூன்று தேசியப் பூங்காக்களையும், வீடுபோல் தங்க வசதியுள்ள மோட்டார் ஹோம் வண்டியில் பத்து நாள் சுற்றி வந்தோம். ஊருக்கு ஊர் விடுதிக் கட்டிலின் உயரத்தோடும் குளியலறைப் படியோடும் மல்லுக்கட்டுவதைவிட, எனக்குத் தோதான கட்டிலும் கழிப்பறையும் கூடவே வருவது மேல் என்று தோன்றியது.

முதல் பிழை, "சக்கர நாற்காலிக்கு ஏற்ற வண்டி" என்ற சொல்லை நம்பி முன்பணம் கட்டியது. தொலைபேசியில் அப்படித்தான் உறுதி சொன்னார்கள். நேரில் போய் டேப்பை வைத்துப் பார்த்தபோது கழிப்பறைக் கதவு 22 அங்குலம் இருந்தது. என் நாற்காலியின் அகலமோ 26. பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு "ஏற்றதா" என்று கேட்பதையே நிறுத்திவிட்டு, கதவின் அகலம், நாற்காலியை வண்டிக்குள் ஏற்றி இறக்கும் லிஃப்ட் தூக்கும் எடை, குளியலறைக்குள் நாற்காலியைத் திருப்ப இடம் உண்டா, ஓடும்போது நாற்காலியைத் தரையோடு பிணைக்க நான்கு கொக்கிகள் உண்டா என்று மட்டுமே கேட்டோம்.

இவ்வளவு கேட்டும் ஒன்று விட்டுப்போயிற்று. இத்தகைய வண்டிகளில் பக்கச் சுவரின் ஒரு பகுதி, நிறுத்திய பின் வெளியே நீண்டு, உள்ளே இடம் தரும். எங்கள் வண்டியில் அதை உள்ளிழுத்துவிட்டால் நடைவழி குறுகி, நான் கழிப்பறைக்குப் போக முடியாது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர்க் குழாய் வைத்தாக வேண்டிய எனக்கு இது சிறு விஷயமன்று. ஆகவே சுவரை நீட்ட இடமுள்ள நிறுத்துமிடங்களை முந்தைய இரவே வரைபடத்தில் குறித்துக்கொண்டுதான் ஒவ்வொரு நாளும் புறப்பட்டோம்.

அக்டோபரைத் தேர்ந்ததும் என் உடலுக்காகத்தான். அடிபட்ட இடத்துக்குக் கீழே எனக்கு வேர்ப்பதில்லை; வெயில் ஏறினால் உடல் தானாகக் குளிராது. தெளிப்பான் புட்டியும் ஈரத் துண்டும் எப்போதும் மடியில் இருந்தன. மின் இணைப்புள்ள முகாமிடங்களையே நாடியதற்கும் குளிர்சாதனம், லிஃப்ட், நாற்காலியின் பேட்டரி மூன்றும் மின்சாரத்தை நம்பியிருப்பதே காரணம். ஸயானின் வாட்ச்மன் முகாமிடத்தில் ஆறு மாதம் முன்பே இடம் பிடித்தோம். நிரந்தர உடற்குறையுள்ள அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் ஆயுள் முழுதும் செல்லும் இலவச நுழைவு அட்டை தருகிறார்கள். தேசியப் பூங்காக்களின் பல முகாமிடங்களில் அதைக் காட்டினால் கட்டணம் பாதி. பெருஞ்செலவுக்கு நடுவே அது பெரிய உதவி.

முதல் மாலை வண்டி நின்ற இடம் சற்றுச் சரிவாக இருந்ததால், லிஃப்டின் தட்டு தரையில் படியாமல் ஒரு ஓரம் நான்கு விரற்கடை தூக்கிக்கொண்டு நின்றது. கணவர் வண்டியை மீண்டும் ஏற்றி, சக்கரங்களுக்கு அடியில் பலகை கொடுத்து மட்டம் பார்த்த பிறகே இறங்க முடிந்தது. மறுநாள் வர்ஜின் ஆற்றோரம் செல்லும் பாரஸ் நடைபாதையில், யாரும் பின்னாலிருந்து தள்ளாமல், நானே முன்னால் போனேன். முழுதும் தளமிட்ட பாதை அது. ஆனாலும் ஓரத்துச் செம்மணல் முன் சக்கரங்களின் அச்சில் புகுந்து கிறீச்சிடத் தொடங்கியது. அன்றிரவு மகள் தரையில் சம்மணமிட்டு, பழைய பல்துலக்கியால் அந்த மணலைத் துகள் துகளாக எடுத்தாள். பிறகு தினமும் அதுவே அவள் வேலையாயிற்று.

பிரைஸுக்குப் போகும் வழியில் 1930இல் திறந்த சுரங்கச் சாலை இருக்கிறது. எங்களுடையதைப் போன்ற அகல வண்டிகள் அதன் நடுவில்தான் போக முடியும் என்பதால், அப்போது 15 டாலர் வாங்கிக்கொண்டு, எதிர்ப்பக்க வண்டிகளை நிறுத்தி எங்களை அனுப்பினார்கள். பிரைஸ் பூங்காவின் விளிம்பு 8,000 அடி உயரத்துக்கு மேல்; பூங்காவுக்குள் உள்ள முகாமிடங்களில் மின் இணைப்பு கிடையாது. வெயிலைப் போலவே குளிரையும் என் உடல் தாங்காது என்பதால் வெளியே இணைப்புள்ள தனியார் இடத்தில் தங்கினோம். சன்ரைஸ் பாயின்ட்டுக்கும் சன்செட் பாயின்ட்டுக்கும் இடையே அரை மைல் தளமிட்ட பாதை. அதில் மூன்று முறை போய் வந்தேன்.

கிராண்ட் கேன்யனில் வண்டியை முகாமிடத்தில் விட்டுவிட்டுப் பூங்காப் பேருந்தையே பிடித்தோம். அதில் 30 அங்குல அகலமும் 48 அங்குல நீளமும் வரையுள்ள நாற்காலிகளை ஏற்றிக்கொள்கிறார்கள். சாய்பலகை இறங்க, ஓட்டுநர் பட்டைகளைப் பிணைக்க, இரண்டு நிமிடத்தில் புறப்பட்டோம். நடமாட்டச் சிரமத்தோடு சொந்த வேனில் வருவோருக்கு, மார்ச் முதல் நவம்பர் வரை தனியார் வண்டிகளை விடாத ஹெர்மிட் சாலையில் செல்ல விசிட்டர் சென்டரில் தனி அனுமதி தருகிறார்கள்.

அந்தச் சாலையிலுள்ள பீமா பாயின்ட்டில் பேருந்திலிருந்து இறங்கியபோது காற்று அடங்கியிருந்தது. விளிம்பருகே போய் மோட்டாரை அணைத்தேன். அதன் முனகல் நின்றதும், ஆழத்தில் கொலராடோ ஆறு பாறைகளில் இரையும் ஓசை மெலிதாகக் கேட்டது. மகளைக் கை காட்டி அழைத்தேன். அவள் என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காதைத் திருப்பிக்கொண்டு, "எனக்கும் கேட்குதும்மா" என்றாள்.