ரூட் கெனால் முடிந்த பல்லுக்கு எந்த கேப், எவ்வளவு செலவு

ரூட் கெனாலுக்கு 4,000 ரூபாய் என்பார்கள். சரி என்று செய்துகொண்ட பிறகுதான் உள்ளே அடைக்கும் ஃபில்லிங் தனி, மேலே போடும் கேப் தனி என்று தெரியவரும். வலிதான் போய்விட்டதே, கேப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அம்மாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் இந்த வேலை நடந்ததால் திருச்சியில் சில கிளினிக்குகளில் விசாரித்தேன், அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், கேப்பைத் தள்ளிப்போடுவதுதான் இருப்பதிலேயே பெரிய செலவு. சொத்தை ஏற்கெனவே பாதிப் பல்லைத் தின்றிருக்கும், வேர் வரை போக மருத்துவரும் மேலிருந்து குடைந்திருப்பார், மிச்சம் நிற்பது சுற்றுச்சுவர் மட்டும். அதை வைத்துக்கொண்டு முறுக்கு கடித்தால் பல் பிளக்கலாம், பிளவு வேர்வரை இறங்கிவிட்டால் பிடுங்குவதைத் தவிர பெரும்பாலும் வழியில்லை. தற்காலிக ஃபில்லிங் சில வாரங்களுக்கானது. அது தேய்ந்து எச்சில் உள்ளே கசிந்தால் கிருமியும் கூடவே போய், சுத்தம் செய்த வேர் மறுபடி கெடும். மறு ரூட் கெனால் முதல் தடவையை விட விலை அதிகம். பல்லை எடுத்துவிட்டு பிரிட்ஜ் கட்டினால் பக்கத்துப் பற்கள் இரண்டையும் ராவி, நடுவில் வரும் செயற்கைப் பல்லோடு சேர்த்து மூன்று கேப்புக்கான காசு கொடுக்க வேண்டும், தாடை எலும்பில் திருகு பதித்துப் பல் வைக்கும் இம்ப்ளான்ட் என்றால் 25,000 ரூபாய்க்கு மேல்.

இனி விலை. நான் கேட்ட இடங்களில் மெட்டல் கேப் 1,500 முதல் 2,500 வரை, உள்ளே உலோகம் வெளியே பீங்கான் உள்ள செராமிக் கேப் 3,000 முதல் 5,000 வரை, உலோகம் தெரியாமல் முழுக்கப் பல் நிறத்திலேயே இருக்கும் ஜிர்கோனியா 7,000-த்தில் தொடங்கி 15,000 வரை. ஊருக்கு ஊர் மாறும்.

சில இடங்களில் மெட்டல் என்று ஒன்று இருப்பதையே சொல்லவில்லை, அதுதான் எனக்குக் கோபம். உலோகம் மெலிதாக இருந்தாலே தாங்கும் என்பதால் பல்லைக் குறைவாக ராவினால் போதும், பீங்கான் மாதிரி சில்லு பெயராது. நிறம் ஒன்றுதான் குறை. சிரித்தாலும் வெளியே தெரியாத கடைசிப் பல்லுக்கு நிறத்துக்காக எதற்குப் பல ஆயிரம்? அம்மாவும் "எனக்கு மெல்ல முடிந்தால் போதும்" என்று மெட்டலே போட்டுக்கொண்டார். ஒன்று மட்டும் கவனியுங்கள், கவரிங் நகை போட்டால் தோல் அரிக்கிறவர்களுக்கு நிக்கல் ஒவ்வாமை இருக்கலாம், நிக்கல் இல்லாத உலோகமா என்று கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும்.

நடுவில் உள்ள செராமிக் கேப்தான் எனக்குப் பிடிக்காதது. பீங்கான் பெயர்ந்தால் உள்ளே இருக்கும் உலோகம் தெரியும், ஈறு இறங்கினால் ஓரத்தில் கறுப்புக்கோடு தெரியும். பல் வெளியே தெரிகிற இடம் என்றால் கொஞ்சம் சேர்த்துவைத்தாவது ஜிர்கோனியா போடலாம். வாரன்டி அட்டை கொடுப்பார்கள், 10 வருஷம் 15 வருஷம் என்று. அது பெரும்பாலும் கேப்புக்குத்தான், அடியில் இருக்கும் பல் கெட்டுப்போனால் அதற்கு இல்லை. கேப் மாற்ற நேர்ந்தால் மருத்துவர் கட்டணம் தனியா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

எல்லாப் பல்லுக்கும் கேப் தேவை என்றும் இல்லை. முன்பல்லில் சேதம் குறைவாக இருந்தால் பல் நிற காம்போசிட் ஃபில்லிங்கோடு முடித்துவிடலாம் என்று நேர்மையான மருத்துவர் அவரே சொல்வார். மாறாக, பல் மேலே கொஞ்சம்தான் மிச்சம் என்றால் வேருக்குள் ஃபைபர் போஸ்ட் என்ற சின்னக் குச்சியை வைத்துக் கட்ட வேண்டியிருக்கும், அது இன்னொரு 2,000 ரூபாய் பக்கம். ஈறுக்கு மேல் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டராவது சொந்தப் பல் சுற்றிலும் நின்றால்தான் கேப் பிடித்து நிற்கும். அதுகூட இல்லாத பல்லில் ஜிர்கோனியா போட்டாலும் காசு வீண்தான், ரூட் கெனால் தொடங்கும் முன்பே இதைக் கேட்டுவிட வேண்டும்.

கையில் காசு இல்லை என்றால் பல் மருத்துவக் கல்லூரிகளுக்குப் போங்கள். சென்னையிலும் புதுக்கோட்டையிலும் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன, தனியார் கல்லூரிகளிலும் வெளியே கேட்பதை விடக் குறைவு. பயிற்சி மருத்துவர்கள் செய்தாலும் பேராசிரியர்கள் மேற்பார்வை உண்டு. நேரம்தான் ஆகும், பலமுறை போய்வர வேண்டும். சாதாரண மருத்துவக் காப்பீட்டில் விபத்தில் அடிபட்டால் தவிர பல் செலவு பெரும்பாலும் வராது, அதை நம்பி உட்கார வேண்டாம். கிளினிக்கில் ரூட் கெனால், ஃபில்லிங், போஸ்ட், கேப் நான்குக்கும் தனித்தனியாக விலை எழுதி வாங்கிக்கொண்டு வந்து, அந்தச் சீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.