பருப்பு வேகாத தண்ணீர்

எங்கள் ஊர்ப் பால் சங்கத்துக்குக் காலை ஐந்தரைக்கு முதல் கேன் வந்துவிடும். ஒவ்வொருவர் பாலிலும் லாக்டோமீட்டரை விட்டு, அளவை நோட்டில் எழுதிய பிறகுதான் பெரிய கேனில் ஊற்ற விடுவேன். பதினான்கு வருடமாக இதுதான் என் வேலை. யார் வீட்டில் நிச்சயதார்த்தம், யார் மாடு சினை நிற்கவில்லை என்பதெல்லாம் ஏழு மணிக்குள் எனக்குத் தெரிந்துவிடும். ரசாயன ஆலைச் செய்தியும் அப்படித்தான் வந்தது. மேற்குத் தோட்டத்து அப்புச்சி பாலை இறக்கி வைத்துவிட்டு, நான்காக மடித்த மலையாள நாளிதழ் ஒன்றை நீட்டினார்.

"அம்மணி, இதில் நம் பக்கத்துச் சர்வே நம்பர் இருக்கிறதா பார்."

இருந்தது. துணிச் சாயத்துக்கான மூலப்பொருள்கள் தயாரிக்கும் ஆலை; அதற்கான பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். அன்றிலிருந்து எண்ணினால் முப்பத்து மூன்று நாள் இருந்தது.

நாங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலூகாவின் கிழக்கு ஓரம். கேரளம் என்றதும் மழையை நினைப்பவர்கள் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே வந்து பார்க்க வேண்டும். கரிசல் மண், தென்னை, ஆயிரம் அடியை நெருங்கும் போர்வெல்கள். வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து நோட்டீஸில் மலையாளம். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் வர வேண்டிய 7.25 டிஎம்சி வந்ததா என்பதை வைத்துத்தான் இங்கே பலருக்கு வெள்ளாமை. நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சிய வட்டாரம் என்று மத்திய அரசின் பட்டியலில் பல வருடம் இருந்தது எங்கள் சித்தூர் பிளாக்.

சாயம் என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பாதி வீடுகளுக்குத் திருப்பூரில் சொந்தம் உண்டு. நொய்யலைப் பார்த்திருக்கிறோம். பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாகிப் போனதையும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் அறிவோம். அது பட்டறை, இது அந்தப் பட்டறைக்குச் சரக்கு செய்யும் ஆலை. ஆனால் 'நொய்யலைப் பாருங்கள்' என்பது மேடைக்கு ஆகுமே தவிர, ஆலைக்காரர் கொடுக்கும் சுற்றுச்சூழல் அறிக்கைக்குப் பதிலாகாது. இது எனக்குப் புரியவே இரண்டு வாரம் ஆயிற்று.

முதல் கூட்டம் மாரியம்மன் கோயில் திண்ணையில் நடந்தது. எல்லார் வாயிலும் பிளாச்சிமடை. பெருமாட்டி பஞ்சாயத்து எங்களுக்கு அக்கம்பக்கம்தானே. 2002 ஏப்ரலில் அங்கே குளிர்பான ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்ததும், மயிலம்மா தலைமை தாங்கி நின்றதும், மறு வருடம் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்ததும், 2004 மார்ச்சில் ஆலை நின்றதும் இங்கே கதையாகவே சொல்லப்படும். அந்தச் சூட்டில் இளைஞர்கள் ஒரே குரலில் சொன்னார்கள்: கருத்துக்கேட்பையே நடக்க விடக் கூடாது, மண்டபத்தைப் பூட்டிவிட வேண்டும்.

எனக்கும் அப்போது அதுதான் சரி என்று பட்டது. தடுத்தது என் சித்தி மகள். சித்தூர் கோர்ட்டில் வக்கீல், அதிகம் பேசமாட்டாள். 2006 செப்டம்பர் 14இல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். மக்கள் கருத்துச் சொல்ல முடியாத நிலைமை உள்ளூரில் இருக்கிறது என்று அறிக்கை போனால், கருத்துக்கேட்புக் கூட்டமே வேண்டாம் என்று முடிவு செய்ய மேலே அதிகாரம் இருக்கிறது. கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை என்ற கணக்கும் கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் கூட்டம்தான். "பூட்டுப் போட்டால் அவர்களுக்கு ஒரு வேலை மிச்சம், அக்கா," என்றாள். திண்ணையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்கள். அதில் ஒருவர் என் கணவர்.

இன்னொன்றையும் அவள்தான் விளக்கினாள். அறிவிக்கப்பட்ட தொழிற்பேட்டைக்கு வெளியே வரும் இந்த வகை ஆலை 'ஏ' பிரிவு, அதாவது மத்திய அரசு பரிசீலிப்பது. அது இல்லாவிட்டாலும், மாநில எல்லையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் வருவதால் மத்திய அளவில்தான் பரிசீலனை. எப்படிப் பார்த்தாலும் முடிவு தில்லியில். நம் ஊரைப் பார்த்திராத நிபுணர் குழுவின் மேசைக்குப் போகப்போவது மூன்றே பொருள்: ஆலைக்காரரின் அறிக்கை, கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, வீடியோ. நம் கோபம் அதில் ஏறினால் உண்டு, ஏறாவிட்டால் இல்லை.

வரைவு அறிக்கை கலெக்டர் அலுவலகத்திலும் மாவட்டத் தொழில் மையத்திலும் பஞ்சாயத்திலும் பார்வைக்கு இருக்க வேண்டும் என்பது விதி. ஓர் அலுவலகத்தில், "பீரோ சாவி வைத்திருப்பவர் லீவு" என்றார்கள். மறுநாளும் அவர் லீவுதான். பாலக்காட்டுக்கு பஸ் ஏறிப் போய் இன்னோர் அலுவலகத்தில் உட்கார்ந்து போனில் பக்கம் பக்கமாகப் படம் பிடித்தேன். நானூற்றுச் சொச்சம் பக்கம், எல்லாம் ஆங்கிலம்; சுருக்கம் மட்டும் மலையாளத்தில். முதல் நாள் ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாம் நாள் ஒரு அட்டவணை கண்ணில் பட்டது. நிலத்தடி நீர் மாதிரி, எட்டு இடங்கள். அதில் நான்காவது எங்கள் ஊர். கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம்கூட இல்லை.

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். எங்கள் ஊர் போர்வெல் தண்ணீரில் பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. எவர்சில்வர் குடத்தில் வெள்ளைப் படலம் கட்டிப் புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது. குடிக்கிற தண்ணீரில் உப்பு 500க்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை போகலாம் என்பது தர நிர்ணயம். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்க, சங்கத்திலிருந்த டிடிஎஸ் மீட்டரை எடுத்துப் போய் அன்று மாலை ஆறு போர்வெல்லில் பார்த்தேன். ஒன்றுகூட ஆயிரத்துக்குக் கீழே இல்லை. அறிக்கையில் இருந்த அட்சரேகை, தீர்க்கரேகையைப் போனில் போட்டு நடந்தால் அது கொண்டுபோய் நிறுத்திய இடம் அங்கன்வாடி வாசல். அங்கே இருப்பது பொதுக்குழாய். அதில் வருவது குடிநீர்த் திட்டத்தின் ஆற்றுத் தண்ணீர். குழாயைத் திறந்து பிடித்துக்கொண்டு போய் 'நிலத்தடி நீர்' என்று எழுதியிருக்கிறார்கள்.

இதைச் சொன்னபோது எல்லாரும் குதிப்பார்கள் என்று நினைத்தேன். அப்புச்சி தலையாட்டவில்லை. "நம் தண்ணீர் கெட்டது என்று நாமே மைக்கில் சொன்னால், கெட்டதில் இன்னும் கொஞ்சம் விழுந்தால் என்ன என்று கேட்பான். அவன் நல்ல தண்ணீர் என்று எழுதியிருந்தால் அப்படியே இருக்கட்டும்." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இரண்டு நாள் எனக்குப் பதில் வரவில்லை. மூன்றாம் நாள் காலை அவர் பாலிலேயே லாக்டோமீட்டரை விட்டபோது சொன்னேன்: "அப்புச்சி, உங்கள் பால் வரும்போது அளவு எழுதாமல் ஊற்றிவிட்டால், நாளைக்கு டெய்ரியில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பினால் யாரைப் பிடிப்பது? இது அந்த முதல் அளவு. இதைத் தப்பாக எழுதிவிட்டால் பிறகு எது நடந்தாலும் யாரையும் பிடிக்க முடியாது." அவர் கேனை மூடிக்கொண்டே, "அப்படியானால் சரியாக எழுது," என்றார்.

காற்றைக் கண்டுபிடித்தது கள் இறக்கும் அண்ணன் ஒருவர். பாலக்காட்டுக் கணவாயில் காற்றுக்கு இரண்டு முகம். ஆடியில் மேற்கிலிருந்து அடித்துப் பொள்ளாச்சிப் பக்கம் தள்ளும். மார்கழி, தையில் கிழக்கிலிருந்து வந்து ஓட்டைப் பெயர்க்கும். அறிக்கைக்காரர்கள் அளந்தது மார்ச் முதல் மே வரை. அப்போது மரத்தின் உச்சியில் இருப்பவருக்குக்கூடக் காற்று தெரியாது. ஒரு பருவம் அளந்தால் போதும், மழைக்காலம் கூடாது என்று நடைமுறையே இருக்கிறது. ஆக, ஆடிக் காற்று யார் அறிக்கையிலும் வராது. புகை எந்தப் பக்கம் போகும் என்ற படத்தில் அம்புக்குறிகள் எல்லாப் பக்கமும் சின்னச் சின்னதாக, சமர்த்தாக இருந்தன. மரம் ஏறுகிறவர் அதைப் பார்த்து, "இவர் ஃபேன் போட்டு அளந்திருக்கிறார்," என்றார்.

அடுத்தது மொழி. சுருக்கம் ஆங்கிலத்திலும் 'மாநில ஆட்சிமொழி / உள்ளூர் மொழியிலும்' என்கிறது அறிவிக்கை. நடுவில் ஒரு சாய்கோடு. அந்தச் சாய்கோட்டைப் பிடித்துக்கொண்டு தமிழில் மனுக் கொடுத்தோம். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி மொழிச் சிறுபான்மைப் பகுதியில் தமிழர் உள்ளூர் அலுவலகத்துக்குத் தமிழில் எழுதலாம். பதிலும் தமிழில் வர வேண்டும். வாங்கியவர் முதலில் மலையாளத்தில் எழுதிவரச் சொன்னார். சட்டத்தின் நகலை மனுவோடு பின் அடித்திருந்ததால் மேலே கொண்டுபோனார். பதினேழு பக்கத் தமிழ்ச் சுருக்கம் கூட்டத்துக்கு ஒன்பது நாள் முன்னால் வந்தது. அச்சுப்பிழை மலிந்த மொழிபெயர்ப்பு. 'கழிவுநீர்' சில இடங்களில் 'கழிவறை நீர்' ஆகியிருந்தது. ஆனாலும் வந்தது. குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள் அதை நகலெடுத்து வீடு வீடாக வாசித்துக் காட்டினார்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து எழுத்து மூலமாக மறுப்பு வாங்கினோம். ஆய்வு வட்டம் 10 கிலோமீட்டர். அதில் பாதிக்கு மேல் தமிழ்நாடு.

கூட்டத்தன்று மண்டபத்தில் முன் மூன்று வரிசை காலையிலேயே நிரம்பியிருந்தது. முகம் தெரியாத ஆட்கள். ஒரே மாதிரி வெள்ளைத் தொப்பி. வேலைவாய்ப்பு வேண்டும் என்று ஒரே வாக்கியத்தைப் பத்துப் பேர் சொன்னார்கள். அதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. மதியச் சாப்பாட்டுக்கு வேன் வந்ததும் போய்விட்டார்கள். ஆலையின் ஆலோசகர் திரையில் படம் காட்டினார். 'கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகாது' என்றார். அப்புச்சி எழுந்து, வடித்தெடுத்த உப்பு எங்கே போகும் என்று கேட்டார். திருப்பூர்ச் சொந்தத்தின் புண்ணியம்.

மாவட்ட ஆட்சியர் சார்பில் கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட் தலைமை வகித்தார். எல்லாரையும் பேசவிட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். என் முறை வந்ததும் அங்கன்வாடிக் குழாயின் படத்தைக் கொடுத்தேன். ஆலோசகர், "லேபிள் மாறியிருக்கலாம், இறுதி அறிக்கையில் திருத்திவிடுவோம்," என்றார். அப்போது குடும்பஸ்ரீயின் மூத்த அக்கா யாரிடமும் சொல்லாமல் மேடையேறி இரண்டு டிபன் பாக்ஸைத் திறந்து மேசையில் வைத்தார். இரண்டிலும் துவரம் பருப்பு, ஒரே அளவு, ஒரே நேரம் வேகவைத்தது. ஒன்று குழைந்திருந்தது. இன்னொன்றில் பருப்பு பருப்பாகவே கிடந்தது. "எது குழாய், எது போர்வெல் என்று நீங்களே சொல்லுங்கள் சார்." மாஜிஸ்திரேட் ஒரு பருப்பை எடுத்து விரலிடுக்கில் வைத்து நசுக்கினார். நசுங்கவில்லை. வீடியோ எடுப்பவர் பக்கத்தில் போய் அதைப் பிடித்தார். நான் நானூறு பக்கம் படித்ததைவிட அது பெரிய வேலை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

சாயங்காலம் ஐந்தே முக்கால். பாதிப் பேர் மாடு கறக்கப் போய்விட்டார்கள். உண்மையான சண்டை அப்போதுதான். கூட்ட முடிவில் நடவடிக்கைச் சுருக்கத்தை மக்களுக்கு அவர்கள் மொழியில் வாசித்துக் காட்டி, அன்றே கையெழுத்திட வேண்டும் என்பது விதி. மலையாளத்தில் வாசித்தார்கள். 'பொதுமக்கள் ஆசங்க தெரிவித்தனர்' என்று ஒரு வரி. ஆசங்க என்றால் கவலை, அச்சம். சித்தி மகள் எழுந்து, "நாங்கள் ஆசங்க சொல்லவில்லை, எதிர்ப்புச் சொன்னோம். எதிர்ப்பு மலையாளத்திலும் எதிர்ப்புதான்," என்றாள். மேடையில் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். இருபது நிமிடம் போனது. கடைசியில் மாஜிஸ்திரேட் தம் பேனாவால் அந்தச் சொல்லை அடித்துவிட்டு மேலே எழுதிச் சுருக்கொப்பம் இட்டார். தமிழிலும் வாசிக்க வேண்டும் என்றோம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரை மேடைக்கு அழைத்து வாசிக்கச் சொன்னார்கள். பருப்பும் ஒரு வரியாக ஏறியிருந்தது: 'நீரின் கடினத்தன்மை செய்து காட்டப்பட்டது.' வாசலில் என் கணவர் பைக்கில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்தே அங்கேதான் இருந்தாராம். உள்ளே மட்டும் வரவில்லை.

தில்லி நிபுணர் குழு நிலத்தடி நீர் மாதிரிகளைப் புதிதாக எடுக்கவும், இன்னொரு பருவத்துக் காற்றை அளக்கவும் சொல்லிக் கோப்பைத் திருப்பியிருக்கிறது. நிராகரிக்கவில்லை. ஆலைக்கு வாங்கிய நிலத்தில் போர்டு இன்னும் நிற்கிறது. சுற்றிலும் பார்த்தீனியம் இடுப்பளவு. மாதம் முதல் தேதி பன்னிரண்டு போர்வெல்லில் மீட்டரை விட்டுப் பார்த்து, பால் நோட்டின் கடைசிப் பக்கங்களில் தேதியோடு எழுதிவருகிறேன். அனுமதி வந்துவிட்டால் சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள். அனுமதி வந்ததை யாரும் வீடு தேடி வந்து சொல்லமாட்டார்கள். அதனால் திங்கட்கிழமை தோறும் மத்தியானம் சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தைத் திறந்து கோப்பு எண்ணை அடித்துப் பார்க்கிறேன். இந்தத் திங்களும் பார்த்தேன்: 'கூடுதல் விவரங்கள் கேட்கப்பட்டுள்ளன.' அதற்குள் சாயங்காலப் பால் வரத் தொடங்கிவிட்டது.