சித்திர அறைச் சுவரில் ஓர் இடுகாடு

எமது கல்லூரியின் சித்திர அறையில், நாட்காட்டியிலிருந்து வெட்டி அட்டையில் ஒட்டிய நிறம் மங்கிய படமொன்று தொங்கியது. ஒல்லாந்து ஓவியர் யாக்கோப் வான் ரொய்ஸ்டால் 1650களில் தீட்டியதாகக் கருதப்படும் ‘யூதர் இடுகாடு’ அது. பாழடைந்த கட்டடம், கல்லறைகள், கரிய முகில், பட்டமரம், ஓடை, ஒரு பக்கத்தில் வானவில் ஆகியவற்றைக் கண்டதும் இது சாவு, அது நம்பிக்கை என்று நாம் போட்டி போட்டுப் பொருள் சொல்லத் தொடங்கினோம். ஆசிரியர் எம்மை அமர்த்திவிட்டு, “முதலில் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று சொல்லுங்கள், பொருள் ஓடிப்போய்விடாது” என்றார்.

வெளிச்சம் கல்லறைகளிலும் பட்டமரத்திலும் விழுந்திருந்தது. உயிருள்ள மரங்கள் இருளில் நிற்க, உயிரற்றவை ஒளிபெற்றிருப்பதால் கண் முதலில் அவற்றிடமே போகிறது. வானவில் அதன் பின்னர்தான் தென்படுகிறது. படத்தின் துயரம் இந்த வரிசையில் பிறக்கிறது என்பதே அவர் எமக்குக் காட்டியது.

அக்கல்லறைகள் கற்பனையல்ல. ஆம்ஸ்டர்டாமுக்குத் தெற்கே, அவுடர்கெர்க் என்னும் ஊரில் போர்த்துக்கேய யூதர்கள் 1614இல் அமைத்த இடுகாட்டில் அவை இன்றும் உள்ளன. பிரெஞ்சு அரசி மரி டி மெடிசியின் மருத்துவராயிருந்த எலியாஹு மொன்தால்த்தோவின் கல்லறையும் அவற்றுள் ஒன்று. ஆனால் அவ்விடம் வெறும் சமதரை. அங்கே இடிபாடும் இல்லை, குன்றும் இல்லை. எக்மொண்ட் என்ற வேறோர் ஊரின் இடிபாடுகளைக் கொண்டுவந்து வைத்து, ஓவியர் தமக்கு வேண்டிய மனநிலைக்கேற்ற நிலத்தைத் தாமே அமைத்துக்கொண்டார். சங்க அகப்பாடல்களில் நிலமும் பொழுதும் முதற்பொருள், அந்நிலத்துக்குரியவை கருப்பொருள், அவற்றோடு இணையும் உணர்வு உரிப்பொருள் என்று பக்கத்து வகுப்பறையில் படித்துவந்த எமக்கு இது அந்நியமாகத் தோன்றவில்லை.

ரொய்ஸ்டாலைப் பெரிதும் மதித்த ஆங்கில ஓவியர் ஜோன் கொன்ஸ்டபிளோ 1836இல் ஆற்றிய விரிவுரையொன்றில் இப்படத்தைக் குறைகூறினார்: இடிபாடு முதுமை, ஓடை வாழ்க்கையின் போக்கு என்றால், பார்ப்பவர் அதை எப்படி அறிவார்? கேள்வி நியாயமானதே. எனினும், அக்குறிப்புகளுள் ஒன்றையும் அறியாதவர்கூட இதன் முன் நின்றால் குரலைத் தாழ்த்துவார் என்றே நான் நினைக்கிறேன்.

ரொறன்ரோவில் குடியேறிப் பல காலத்தின் பின் டெட்ரோயிட் கலைக்கூடத்தில் இவ்வோவியத்தை நேரில் கண்டபோது முதலில் ஏமாற்றமே ஏற்பட்டது. படம் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகவும், நான் அறிந்ததைவிட ஒளிமிக்கதாகவும் இருந்தது. ரொய்ஸ்டால் இக்காட்சியை இருமுறை தீட்டினார் என்பதும், எமது சுவரில் தொங்கியது டிரெஸ்டனில் உள்ள, அளவிற் சிறிய, இருண்ட படம் என்பதும் அதன் பின்னரே தெரிந்தது. இரண்டிலும் அதே கல்லறைகள், அதே பட்டமரம், அதே வானவில். ஆயினும் டெட்ரோயிட் படத்தில் துயரம் சற்றுத் தளர்ந்திருக்கிறது. ஆசிரியர் ஏன் வெளிச்சத்தை முதலில் கேட்டார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைத்ததில்லை. டிரெஸ்டன் படத்தை நான் இன்னும் நேரில் பார்க்கவில்லை. ஜேர்மனியில் வாழும் எமது பழைய மாணவர் எவரேனும் பார்த்திருந்தால், அடுத்த மலரில் அதைப்பற்றி எழுதவேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.